லைன் தண்ணி டிடிஎஸ் 190, ஆனா சாக்கடை நாத்தம். ஃபீல்டு ஒர்க்ல நாங்க எதை அளக்கணும்?

ரெண்டாம்வருஷ_மேப்:

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்ஸி ஜியாகிரஃபி செகண்ட் இயர், வீடு வடசென்னைல கொருக்குப்பேட்டை. இந்த செமஸ்டர்ல ஃபீல்டு ஒர்க் பேப்பர் ஒண்ணு இருக்கு, அஞ்சு பேர் சேர்ந்து ஒரு டாபிக் எடுத்து ரிப்போர்ட் குடுக்கணும். மத்த குரூப்லாம் ஏற்காடு, பிச்சாவரம்னு கிளம்பிட்டாங்க. எங்ககிட்ட ஷேர் ஆட்டோ காசுக்கு மேல ஒண்ணும் இல்ல, அதனால நம்ம ஏரியா தண்ணியவே எடுத்துக்கலாம்னு நான்தான் சொன்னேன், இப்ப திட்டு வாங்குறதும் நான்தான்.

பண்ணது இவ்ளோதான். ஆன்லைன்ல ஒரு டிடிஎஸ் மீட்டர் (தண்ணில கரைஞ்ச உப்பு எவ்ளோன்னு காட்டும்), பிஹெச் பேப்பர் ஒரு புக்கு வாங்கினோம். கொருக்குப்பேட்டைல இருந்து தண்டையார்பேட்டை வரைக்கும் 14 வீடு, எல்லாம் சனிக்கிழமை மத்தியானம் போய் எடுத்தது. லைன் தண்ணி, அதாவது மெட்ரோ வாட்டர் குழாய் தண்ணி, எங்க வெச்சாலும் 170ல இருந்து 210க்குள்ள. போர் தண்ணி 900, 1400ன்னு ஆரம்பிச்சு கடல் பக்கம் போகப் போக ஏறிட்டே போச்சு, ஒரு வீட்ல 1900. சரி சூப்பர், பேட்டர்ன் கிடைச்சிடுச்சுன்னு நெனச்சோம்.

கடைசியா ஒரு சந்து, அதோட கடைசி வீடு. அங்க ஒரு பாட்டி வீட்டு வாசல்ல லைன் தண்ணி இழுக்குற அடிபம்பு. "காலைல புடிச்சது இது, கொட்டாம வெச்சிருக்கேன் பாரு"ன்னு ஒரு பக்கெட்ட காட்டுச்சு. லேசா சாம்பல் கலர், அடியில கருப்பு நூல் மாதிரி ஏதோ படிஞ்சிருக்கு, கிட்ட குனிஞ்சா மேன்ஹோல் மூடிய தொறந்த மாதிரி நாத்தம். மீட்டர விட்டா 190. பாட்டி சிரிச்சுட்டு "இன்னாடா இது, இந்த மிஷினுக்கு மூக்கே கெடயாதா"ன்னு கேட்டுச்சு. எங்களுக்கு பதில் சொல்லத் தெரியல.

சார் சொன்ன மாதிரி 14 பாயின்ட்டையும் போட்டு கலர் மேப் போட்டோம். லைன் தண்ணி மேப் முழுக்க பச்சை, போர் மேப் முழுக்க சிவப்பு. அதாவது எங்க மேப் படி அந்தப் பாட்டி வீட்டு சாக்கடைத் தண்ணியும் நல்ல தண்ணிதான். இத கொண்டு போய் வைவால வெச்சா என்ன ஆகும்னு எனக்கே தெரியும். என்ன தப்பு பண்றோம்? அப்புறம் பக்கிங்ஹாம் கால்வாய்லயும் ஒரு சாம்பிள் எடுக்கச் சொல்றாங்க, அது எப்படி எடுக்கிறது?

---

காசிமேட்டு_காத்து:

தம்பி ரிப்போர்ட்ட ஒரே வரில முடிச்சிடு, "இந்தப் பக்கம் எல்லாரும் கேன் வாங்கி குடிக்கிறாங்க"ன்னு. சும்மா சொன்னேன்பா, நல்ல டாபிக்தான், கிளம்பிப் போன மத்த குரூப்லாம் ஃபோட்டோ எடுத்துட்டுதான் வருவானுங்க.

---

லேப்_கோட்:

நான் ஒரு காலேஜ் கெமிஸ்ட்ரி லேப்ல இருக்கேன், வருஷா வருஷம் பசங்க இதே மீட்டர தூக்கிட்டு வருவாங்க, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

உங்க மீட்டர் பொய் சொல்லல. அது பாக்குறது தண்ணி வழியா கரன்ட் எவ்ளோ சுலபமா போகுதுன்னு மட்டும்தான். கரைஞ்ச உப்பு நெறைய இருந்தா கரன்ட் நல்லா போகும், அத ஒரு கணக்கால பெருக்கி டிடிஎஸ்னு காட்டும். கிருமிக்கு அதுல கணக்கே கெடயாது. ஒரு குடம் நல்ல தண்ணில ஒரு டம்ளர் சாக்கடை கலந்தா டிடிஎஸ் அஞ்சோ பத்தோ ஏறும், ஆனா வயித்துக்கு அது போதும். ஆர்ஓ விக்கிறவங்க வீடு வீடா வந்து இந்த மீட்டர வெச்சு பயம் காட்டி காட்டி, டிடிஎஸ் கம்மின்னா நல்ல தண்ணின்னு ஊர் பூரா பதிஞ்சு போச்சு, எனக்கு அதுல தனிக் கடுப்பு.

இந்தியாவுக்கு குடிதண்ணி ஸ்டாண்டர்டு ஐஎஸ் 10500, 2012ல புதுப்பிச்சது. அதுல டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேற தண்ணியே இல்லைன்னா 2000 வரைக்கும் போகலாம். அப்ப உங்க 1900 போர் தண்ணி கூட கடைசி வரம்புக்குள்ள இருக்கு, குடிச்சா வாய் கரிக்கும், சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. அதே ஸ்டாண்டர்டுல ஈ.கோலை, அதாவது மலத்துல இருந்து வர்ற கிருமி, 100 மில்லி தண்ணில ஒண்ணு கூட இருக்கக் கூடாது. அதுக்கு "வேற வழி இல்லைன்னா"ங்கிற சலுகையே கெடயாது. நைட்ரேட்டும் அப்படித்தான், லிட்டருக்கு 45 மில்லிகிராம், அதோட நிறுத்திட்டாங்க.

லைன் தண்ணிக்கு நீங்க பாக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, மிச்சக் குளோரின். சுத்திகரிச்சு அனுப்பும்போது குளோரின் போட்டுதான் அனுப்புறாங்க, வீட்டுக் குழாய்ல வந்து சேரும்போது கொஞ்சமாவது மிச்சம் இருக்கணும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். வழியில சாக்கடை உள்ள புகுந்தா குளோரின் அதோட சண்டை போட்டே தீந்துடும். குளோரின் பூஜ்யம்னா அங்க ஏதோ நடந்திருக்குன்னு சந்தேகப்படலாம். டிபிடி மாத்திரை போட்டா ரோஸ் கலர் வரும், அத வாங்குங்க, பழைய மஞ்சள் கலர் வர்ற ஓ.டி. (ஆர்த்தோடொலிடின்) சொட்டு மருந்து வேணாம், அது உடம்புக்கு ஆகாது. ரெண்டாவது ஹெச்டூஎஸ் பாட்டில். தண்ணி ஊத்தி மூடி வெச்சா கிருமி இருந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல கருப்பாயிடும், நம்ம ஊர் வெயிலுக்கு இன்குபேட்டரே வேணாம். ஒரு எச்சரிக்கை, சில போர் தண்ணில மண்ணுல இருந்தே அழுகின முட்டை நாத்தம் வரும், அது ஊத்தின கொஞ்ச நேரத்துலயே கருப்பாக்கிடும், அத கிருமின்னு எழுதிடாதீங்க.

போர் தண்ணிக்கு குளோரைடு (உப்புல இருக்குறது) பாருங்க, சில்வர் நைட்ரேட் டைட்ரேஷன், செங்கல் கலர் வந்தா நிறுத்தணும். ப்ளஸ் டூல சயின்ஸ் குரூப் எடுத்தவங்க யாராவது குரூப்ல இருந்தா ஒரு மத்தியானத்துல முடிச்சிடுவாங்க.

---

பைப்பு_அண்ணாச்சி:

லேப் சார் சொன்னது எல்லாம் ரைட்டு. ஆனா தம்பி நீங்க சனிக்கிழமை மத்தியானம் போனீங்க பாருங்க, அங்கதான் மொத்தமும் கோட்டை விட்டீங்க. நான் முப்பது வருஷத்துக்கு மேல குழி தோண்டி பைப்பு போட்டவன், இப்ப ரிட்டயர்டு, ஊரு நெல்லை ஆனா வாழ்க்கை பூரா வண்ணாரப்பேட்டை.

நம்ம பக்கம் தண்ணி 24 மணி நேரமும் வராது. டர்ன்காக், அதான் வால்வு பாக்குற ஆளு, வந்து வால்வ தொறந்தா வரும், மூடினா போயிரும். வால்வு மூடின பொறவு பைப்பு காலியா கெடக்கும், சும்மா கெடக்காது. வெளிய நனைஞ்ச மண்ணு, பக்கத்துலயே சாக்கடை லைன். ரெண்டையும் ஒரே சந்துல போடுறப்போ எங்க எடம் இருக்கு, ஆறடி சந்துல ஒண்ணு மேல ஒண்ணுதான் போகும். வெள்ளக்காரன் காலத்து வார்ப்பிரும்பு பைப்பு சில எடத்துல, அதுல ஃபெரூல் (மெயின்ல இருந்து கனெக்‌ஷன் எடுக்குற மூக்கு) அடிச்சு வீட்டுக்கு ஜிஐ பைப்பு (நாகம் பூசின இரும்பு பைப்பு) இழுத்திருப்பாங்க, அந்த ஜிஐ பைப்பு அஞ்சாறு வருஷத்துல துருவேறி சல்லடையா போயிரும். நெறைய வீட்ல அது சாக்கடை தொட்டிக்குள்ளயே நுழைஞ்சு வெளிய வரும், நானே பாத்திருக்கேன், கையாலயே பிச்சு எடுத்திருக்கேன்.

இப்ப காலைல தண்ணி வர்ற நேரம். மொதல் வீட்டுக்காரன் மோட்டார் போட்டு லைன்லயே உறிஞ்சுறான், அடுத்தவன் அடிபம்பு அடிக்கான். பைப்புக்குள்ள தண்ணி பத்தல, ஆனா இழுப்பு மட்டும் இருக்கு. அப்ப ஓட்டை வழியா வெளிய உள்ளது உள்ள வரும். மொத ஏழெட்டு குடம் அதான். ராத்திரி பூரா ஊறினது அத்தனையும் கடைசி வீட்டு தலைல வந்து விடியும், அத நாங்க டெட் எண்டுன்னு சொல்வோம். உங்க பாட்டி வீடு டெட் எண்டு.

அதனால மத்தியானம் போய் சின்டெக்ஸ் டேங்க்ல புடிச்சு வெச்ச தண்ணிய அளந்தா அது லைன் தண்ணி இல்ல, அவங்க வீட்டு டேங்க் தண்ணி. வால்வு தொறக்குற நேரத்துக்கு போய் நில்லுங்க. மொத குடம், பத்து நிமிஷம் கழிச்சு, அரை மணி கழிச்சுன்னு ஒரே வீட்ல மூணு வாட்டி எடுங்க. வால்வுக்கு பக்கத்து வீடு ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கடைசி ஒண்ணு. 14 வீடு வேணாம், ஒரே தெருவுல மூணு வீடு போதும்.

---

தெரு_பம்ப்_அக்கா:

அண்ணாச்சி சொல்றத அப்படியே எழுதிக்கோப்பா, எங்க வீட்ல தெனமும் நடக்குறது அதான். எங்க தெருவுல தண்ணி வர்ற டைம் யாருக்கும் எழுதி வெக்கல, ஆனா நாலரை மணிக்கு பக்கத்து வீட்டு பம்ப் "கிரீச்"னு சத்தம் போட்டா எல்லா வீட்லயும் லைட் எரியும். எத்தினி குடம் கொட்டணும்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு கணக்கு இருக்கு. எனக்கு நாலு, எதிர் வீட்டுக்கு மூணு, மழ பேஞ்ச மறுநாள்னா எண்ணவே மாட்டோம், வாசன போற வரைக்கும் அடிப்போம். கொட்டுறதையும் சும்மா கொட்ட மாட்டோம், வாசல் கழுவ, கக்கூஸ்க்கு. நீ மீட்டர் வெக்கறதுக்கு முன்னாடி இத கேளு, எத்தினி குடம் கொட்டுறீங்கன்னு. அது பொம்பளைங்களத்தான் கேக்கணும், ஆம்பளைங்கள கேட்டா "தண்ணியா, நல்லாத்தான் வருது"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க.

இன்னொண்ணு. டோர் நம்பர் போடாத. வாடகைக்கு இருக்குறவங்க ஹவுஸ் ஓனருக்கு பயப்படுவாங்க, ஓனர் வீடு வாடகைக்கு போவாதுன்னு பயப்படுவாரு. தண்ணி ரிசல்ட் வந்ததும் அவங்க வாசல்லயே நின்னு "உங்க தண்ணில கிருமி"ன்னு சத்தமா சொல்லிடாத, காய்ச்சி குடிங்கம்மான்னு மெதுவா சொல்லு.

போர்ல உப்பு மட்டும்தான் பாக்கறேன்னு இருக்காத. 2013ல தண்டையார்பேட்டைல பூமிக்கடியில போற எண்ணெய் பைப் கசிஞ்சு போர் தண்ணில பெட்ரோல் வாட அடிச்சுது, பேப்பர்லலாம் வந்துது. வாளில புடிச்சா மேல வானவில் மாதிரி மிதக்கும். அதையும் உன் மீட்டர் காட்டாது. மொதல்ல மோந்து பாரு, அப்பால மீட்டர் வெய்யி.

---

கலர்_மேப்_வேணாம்:

நான் உங்க டிபார்ட்மென்ட் மாதிரி ஒண்ணுலதான் படிச்சேன், இப்ப மேப்பிங் வேலை. உங்க மேப் தப்பா வந்ததுக்கு மீட்டர் மட்டும் காரணம் இல்ல. ரெண்டு தண்ணிக்கும் ஒரே மாதிரி மேப் போட்டீங்க பாருங்க, அதான் பெரிய தப்பு.

போர் தண்ணி மண்ணுக்கு சொந்தம். ரெண்டு வீட்டுக்கு நடுவுல இருக்குற எடத்துலயும் மண்ணுக்குள்ள தண்ணி இருக்கு, அதனால நடுவுல எவ்ளோ இருக்கும்னு கியூஜிஐஎஸ் மேப் சாஃப்ட்வேர்ல இன்டர்போலேட் பண்ணா, அதாவது கணிச்சா, ஓரளவு அர்த்தம் இருக்கு, 14 பாயின்ட்டுக்கு அதுவே ஓவர்தான், பரவால்ல. லைன் தண்ணி அப்படி இல்ல. அது பைப்புக்குள்ள மட்டும்தான் இருக்கு. ரயில்வே லைனுக்கு இந்தப் பக்கம் இருக்குற வீட்டையும் அந்தப் பக்கம் இருக்குற வீட்டையும் சேர்த்து நடுவுல பச்சை தடவுனீங்கன்னா தண்டவாளத்துக்கு அடியில எந்த குழாய்ல இருந்து அந்தப் பச்சை வந்துச்சு? அதுக்கு கலர் மேப்பே வேணாம். தெருவ ஒரு கோடா போடுங்க, வால்வு எங்க, டெட் எண்டு எங்க, சாக்கடை லைன் எங்க குறுக்க போகுது, அதுல மூணு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்துல நேரம் எழுதுங்க.

லைன் தண்ணில டிடிஎஸ் தெண்டம்னு தூக்கிப் போட்டுடாதீங்க, அதுக்கு வேற ஒரு யூஸ் இருக்கு. வடசென்னைக்கு புழல்ல சுத்திகரிச்ச ஏரித் தண்ணியும் வருது, பிளான்ட் ஓடுற நாள்ல காட்டுப்பள்ளில இருக்குற மீஞ்சூர் கடல்நீர் பிளான்ட் தண்ணியும் வரும். அந்த பிளான்ட் 2010ல ஆரம்பிச்சது, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் எடுக்குற அளவுக்கு கட்டினது, திருவொற்றியூர், எர்ணாவூர், மணலி, மாதவரம் பக்கம்லாம் அந்தத் தண்ணிக்கு லைன் இருக்கு. ரெண்டும் ஒரே டிடிஎஸ்ல இருக்காது. ஒரே வீட்ல ரெண்டு வாரம் தினமும் அளந்தீங்கன்னா திடீர்னு நம்பர் மாறுற நாள் ஒண்ணு வந்தாலும் வரும், அன்னைக்கு தண்ணி வர்ற எடம் மாறியிருக்கான்னு விசாரிங்க.

போர்ல கிழக்க போகப் போக ஏறுதுன்னீங்க. உடனே "கடல் நீர் ஊடுருவல்"னு ஹெட்டிங் போட்டுடாதீங்க. கணக்கு இருக்கு, கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி ஒரு மீட்டர் நின்னா கீழ சுமார் 40 மீட்டர் வரைக்கும் உப்புத் தண்ணிய அழுத்தி வெக்கும். மேல அரை மீட்டர் உறிஞ்சிட்டா கீழ இருந்து 20 மீட்டர் உப்பு ஏறி வரும். மீஞ்சூர் பக்கம் ஊருக்கும் ஃபேக்டரிக்கும் சேர்த்து இறைச்சு இறைச்சு கடல் தண்ணி பல கிலோமீட்டர் உள்ள வந்தது இப்படித்தான். ஆனா உங்க ஏரியால உப்பு வர இன்னொரு வழியும் இருக்கு, சாக்கடை. சாக்கடைலயும் குளோரைடு இருக்கு. அதனால குளோரைடு கூட நைட்ரேட்டும் அம்மோனியாவும் சேர்த்து பாருங்க. குளோரைடு மட்டும் தூக்கலா இருந்தா கடல் பக்கம் பாருங்க, கூடவே நைட்ரேட்டோ அம்மோனியாவோ ஏறியிருந்தா பக்கத்து கால்வாய், பக்கத்து செப்டிக் டேங்க். டேபிள்ல கடல்ல இருந்து எவ்ளோ தூரம்னு ஒரு கட்டம், கால்வாய்ல இருந்து எவ்ளோ தூரம்னு ஒரு கட்டம் போடுங்க. கேப்டன் காட்டன் கால்வாயும் அந்தப் பக்கம்தான் போகுது, அத மறந்துடாதீங்க.

பக்கிங்ஹாம் கால்வாய்: இறங்காதீங்க. பாலத்து மேல நின்னு கயிறு கட்டின பக்கெட், கையில கிளவுஸ், கால்ல ஷூ, கீறல் இருந்தா அன்னைக்கு போகவே வேணாம், எலிக்காய்ச்சல் விளையாட்டு இல்ல. 1806ல வெட்ட ஆரம்பிச்ச கால்வாய், எண்ணூர் வரைக்கும் படகு போன வழி, இன்னைக்கு கொருக்குப்பேட்டைல அது நகருதான்னு பாக்கவே ஒரு இலைய போட்டு பாக்கணும். அந்த இலை பத்து மீட்டர் போக எத்தன நிமிஷம்னு டைம் எடுங்க, அதுவும் டேட்டாதான். எண்ணூர் முகத்துவாரம் பக்கம் போற குரூப்னா ஓதம் ஏறுற நேரமா வத்துற நேரமான்னு எழுதியே ஆகணும், ஒரே எடத்துல காலைல ஒரு உப்பு, சாயங்காலம் ஒரு உப்பு இருக்கும்.

---

ரெண்டாம்வருஷ_மேப்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, அப்டேட் போடலாம்னு வந்தேன். நேத்து காலைல நாலு மணிக்கு போயிட்டோம். அஞ்சு பேர்ல மூணு பேர்தான் வந்தோம், மீதி ரெண்டு பேர் அலாரம் அடிக்கலன்னு சொல்றாங்க, நம்பிட்டோம்.

வால்வு பக்கத்து வீட்ல மொத குடத்துலயே டிபிடி போட்டதும் நல்ல ரோஸ். நடு வீட்ல மொதல்ல கலரே வரல, பத்து நிமிஷத்துல லேசா வந்துச்சு, அரை மணில பரவால்ல. பாட்டி வீட்ல கடைசி வரைக்கும் வரவே இல்ல. பாட்டி பதினோரு குடம் கொட்டுச்சு, நான் எண்ணினேன், பன்னெண்டாவது குடம் பாக்குறதுக்கு சுத்தமா இருந்துச்சு, நாத்தமும் இல்ல, "இது போதும், இது சமையலுக்கு"ன்னு எடுத்து வெச்சுது, ஆனா அதுலயும் குளோரின் இல்ல. மூணு வீட்லயும் டிடிஎஸ் கிட்டத்தட்ட ஒண்ணேதான். அந்தப் பன்னெண்டாவது குடம்தான் எனக்கு மண்டைக்குள்ளயே நிக்குது.

ஹெச்டூஎஸ் பாட்டில் ஆறு வாங்கி எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேல வெச்சேன். இன்னைக்கு சாயங்காலம் பாத்தா ரெண்டு கருப்பு, ரெண்டும் பாட்டி வீடு, ஒண்ணு மொத குடம், ஒண்ணு பன்னெண்டாவது. எங்கம்மா "அந்தக் கருமத்த மொதல்ல வெளிய எடுத்துட்டுப் போடா"ன்னு கத்துறாங்க. பாட்டிகிட்ட போய் காய்ச்சி குடிங்கன்னு சொன்னேன், "கேஸ் நீ வாங்கித் தரியா"ன்னு கேட்டுச்சு. குளோரின் மாத்திரை குடுக்கலாமா? இந்தக் கருப்பான பாட்டிலை என்ன பண்றது?

---

பைப்பு_அண்ணாச்சி:

பன்னெண்டாவது குடம் கருப்பாச்சுன்னா ஓட்டை மெயின்லதான் இருக்கணும்னு இல்ல, அவங்க வீட்டு ஜிஐ பைப்புலயே இருக்கலாம். பக்கத்து வீட்லயும் ஒண்ணு எடுத்துப் பாருங்க. அங்க ரோஸ் வந்தா பாட்டி வீட்டு கனெக்‌ஷன்தான், ஃபெரூல்ல இருந்து பம்ப் வரைக்கும் பைப்ப மாத்தினா போதும். அங்கயும் வரலைன்னா தெரு மெயின், அது தோண்டித்தான் ஆகணும். ஒரு டெஸ்ட்ல ரெண்டு நாள் தோண்டுற வேலை மிச்சம்.

---

தெரு_பம்ப்_அக்கா:

பக்கத்து வீட்ல எடுக்கும்போது பாட்டியவே கூட்டிட்டுப் போப்பா, தொறந்து விடுவாங்க. புகார் எழுதும்போது தெருக்காரங்க பத்து பேர் கையெழுத்தோட எழுது, ஒத்த வீட்டு பேர்ல எழுதினா "உங்க வீட்டு பைப்ப நீங்களே பாத்துக்குங்க"ன்னு சொல்லிடுவாங்க.

---

லேப்_கோட்:

மாத்திரை குடுக்கலாம், மெடிக்கல்ல கேளுங்க, அட்டைல எத்தன லிட்டருக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கும், போட்டுட்டு அரை மணி மூடி வெக்கச் சொல்லுங்க. ஆனா கலங்கல் தண்ணில போட்டு பிரயோஜனம் இல்ல, பன்னெண்டாவது குடத்துல போடச் சொல்லுங்க. கருப்பான பாட்டில அப்படியே சிங்க்ல கொட்டிடாதீங்க, அதுல கிருமிய நீங்களே வளத்து வெச்சிருக்கீங்க. ப்ளீச்சிங் பவுடர் கரைசல் ஊத்தி அரை மணி விட்டு அப்புறம் கக்கூஸ்ல ஊத்துங்க, கைய சோப்பு போட்டு கழுவுங்க. கொட்டுறதுக்கு முன்னாடி ஆறு பாட்டிலையும் வரிசையா வெச்சு ஒரு ஃபோட்டோ எடுத்துக்கோங்க. லேபிள் பேனால எழுதியிருக்கீங்களா பென்சில்லயா? அடுத்த வாட்டி ஐஸ் பாக்ஸ்ல வெச்சு கொண்டு வருவீங்க, பேனான்னா கரைஞ்சு எது எந்த வீடுன்னே தெரியாம போயிடும்.